பரிசோதகரின் கையொப்பமும் பூட்டிய கதவும்

1942ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆம் திகதி, அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரின் தீயணைக்கும் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் அந்நகரத்துக் களியாட்ட மண்டபம் ஒன்றைப் பரிசோதிக்கச் சென்றார். 'கொக்கோனட் குரோவ்', அதாவது தென்னஞ்சோலை, என்பது அம்மண்டபத்தின் பெயர். தென்னை முளைக்காத குளிர்நாட்டிலே செயற்கை மரங்களை நாட்டி, உட்கூரையைத் துணியால் மறைத்து, வெப்பநாட்டுத் தீவொன்றில் இருப்பது போன்ற மயக்கத்தை அங்கு வருவோருக்கு உண்டாக்கியிருந்தனர். நம் நாட்டுத் தென்னந்தோட்டக்காரர் அதனைக் கண்டிருந்தால் நகைத்திருப்பர். அதிகாரி செயற்கை மரமொன்றிலே தீக்குச்சியைப் பிடித்துப் பார்த்தார், அது பற்றவில்லை. வெளியேறும் வழிகள் போதியன, தீயணைக்கும் கருவிகள் போதியன, எளிதில் தீப்பற்றும் அலங்காரம் எதுவும் இல்லை, பொதுநிலை நன்று என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றார்.

எட்டு நாட்கள் கழிந்தன. 28ஆம் திகதி சனிக்கிழமை இரவு பத்தேகால் மணியளவில் அம்மண்டபத்தின் நிலக்கீழ் அறையிலே தீத் தோன்றிற்று. உட்கூரைத் துணியைப் பற்றி ஓடிய சுவாலை மாடிப்படி வழியே மேலேறிச் சில நிமிடங்களுக்குள் கட்டடம் முழுவதும் பரந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அன்றிரவு அங்கிருந்தனர். அவர்களுள் 492 பேர் மாண்டனர்.

இவ்வளவு பெருந்தொகையினர் இறந்தபின் மக்கள் முதலிற் கேட்ட கேள்வி அந்தக் கையொப்பத்தைப் பற்றியதே. பரிசோதகர் நன்று என்று எழுதிவிட்டால் கட்டடத்தின் உரிமையாளருடைய கடமை அத்துடன் தீர்ந்துவிடுகின்றதா? அன்றி, அந்தக் காகிதம் வேறு, கதவின் பூட்டு வேறா? இக்கேள்வி பொஸ்டனிலே பிறந்ததன்று. நாற்பது ஆண்டுகளாக அந்நாட்டின் பெருநகரங்களில் விடை காணப்படாமலே கிடந்து வந்ததொன்று. அதன் தொடக்கத்தைக் காண்பதற்குச் சிக்காகோ நகரத்துக்குச் செல்லவேண்டும்.

சிக்காகோவிலே 1903ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி 'இரக்குவா' என்னும் புதிய நாடக அரங்கு திறக்கப்பட்டது. முற்றிலும் தீப்பிடியாத அரங்கு என்று அதனை விளம்பரப்படுத்தினர். ஐந்து வாரங்கள் கழித்து, டிசம்பர் 30ஆம் திகதி, நத்தார் விடுமுறையில் நடந்த பகற்காட்சிக்குப் பெண்களும் பிள்ளைகளும் பெருந்தொகையாக வந்திருந்தனர். இருக்கைகள் நிறைந்து, பின்னால் நின்று பார்த்தவர்களும் பலர். மேடையிலிருந்த மின்விளக்கொன்றிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையிற் பட்டது. தீயை மறிப்பதற்கென்றே அமைக்கப்பட்டிருந்த கல்நார்த் திரை பாதி வழியிலே சிக்கிக்கொண்டது. மேடைக்கு நேர்மேலே கூரையில் இருந்த காற்றுவழிகள் திறவாதபடி மூடப்பட்டிருந்தன. புகையும் வெப்பமும் மேலே போக வழியின்றி நின்ற வேளையிலே, நடிகர்கள் தப்புவதற்காக மேடையின் பின்கதவைத் திறந்தனர். உட்புகுந்த குளிர்காற்று சுவாலையைத் திரையின் கீழாகச் சபையோர் பக்கம் தள்ளிற்று. 600க்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர்.

அரங்கின் வாயில்கள் எத்தனை என்று எண்ணினால் குறை சொல்ல இடமிருந்திராது. ஆனால் அவற்றுட் சில அழகுக்காகத் திரைகளால் மறைக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாள் அந்நாட்டு மக்கள் முன்பு கண்டறியாத புதுமாதிரியானது. இருளிலும் புகையிலும் அதனைத் திறக்கும் வகை எவருக்கும் புலப்படவில்லை. இவற்றுக்கு மேலாக, மேல்மாடிப் படிக்கட்டுகளிற் சிலவற்றை இரும்பு மடிப்புக் கதவுகளால் அடைத்துப் பூட்டியிருந்தனர். குறைந்த விலைச் சீட்டு வாங்கியவர்கள் காட்சி நடக்கும்போது கீழிறங்கி வந்து உயர்ந்த விலை இருக்கைகளிலே அமர்ந்துவிடக் கூடாது என்பதே அப்பூட்டுக்குக் காரணம்.

பரிசோதனை நடைபெறவில்லையா என்றால், நடைபெறத்தான் செய்தது. அயலிலிருந்த தீயணைக்கும் நிலையத்தின் தலைவர் ஒருவர் அரங்கு திறக்கப்படும் முன்னரே அதனைச் சுற்றிப் பார்த்து, தீயணைப்பதற்கு வேண்டிய நீர்க்குழாய்களும் அபாய அறிவிப்புக் கருவியும் அங்கு இல்லாமையைக் கண்டார். தம் மேலதிகாரிக்கு அறிவிக்கவும் செய்தார். அரங்கிலே காவலுக்கென்று ஒரு தீயணைப்பாளர் இருக்கின்றாரே என்ற எண்ணத்தோடு காரியம் அங்கேயே நின்றுவிட்டது. ஒருவர் கண்டார், ஒருவர் கேட்டார், ஒருவர் காவலிருந்தார். கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பு மட்டும் எவர் கையிலும் தங்கவில்லை. வழக்குத் தொடரப்பட்ட அரங்கு முகாமையாளர் 1907ஆம் ஆண்டிலே விடுவிக்கப்பட்டார். நகரசபையின் விதிகளில் இருந்த குறைகளையே அவருடைய சட்டத்தரணி அவருக்குக் கவசமாக்கிக் கொடுத்தார்.

அந்த அழிவிலிருந்து ஒரு நற்பொருளும் பிறந்தது. இந்தியானாபொலிஸ் நகரத்து இரும்புப்பொருட் கடையொன்றின் விற்பனையாளரான கார்ல் பிரின்ஸ்லர் என்பவர் அன்று அக்காட்சிக்குப் போக எண்ணியிருந்து, வேறு அலுவலாற் போகாது தப்பியவர். கூட்டத்தின் நெருக்கமே கதவைத் திறக்கும்படியான ஒரு கருவியை அமைத்தாலென்ன என்று அவர் சிந்தித்தார். கட்டடக்கலைஞரான ஹென்றி டுபோண்ட் என்பவரின் துணையுடன், 1908ஆம் ஆண்டிலே, கதவின் குறுக்காக இடுப்பளவு உயரத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்தும் முறை வெளிவந்தது. உடல் அச்சட்டத்தின்மேல் சாய்ந்தால் போதும், தாழ்ப்பாள் தானே விலகும். இன்று உலகெங்கும் திரையரங்குகளிலும் மண்டபங்களிலும் காணப்படும் கருவி இதுதான். இக்கருவியைக் கேட்போர் நினைவில் இருத்திக்கொள்ளவேண்டும். பொஸ்டனில் அதனை மறுபடியும் காண்போம்.

மூன்று ஆண்டுகளின் பின், 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி சனிக்கிழமை, நியூயோர்க் நகரிலே 'டிரையாங்கிள்' என்னும் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. அது பத்துமாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. வேலை முடியும் நேரம். துணித்துண்டுகள் நிறைந்த பெட்டியிலே பற்றிய தீ, மேசைகளின் மீது அடுக்கியிருந்த துணிகளைத் தொடர்ந்து மேல்மாடிகளுக்குத் தாவிற்று. ஒன்பதாம் மாடியிலே இரு படிக்கட்டுகளுள் ஒன்றைத் தீ மறித்தது. மற்றதன் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காது முறிந்து வீழ்ந்தது. தீயணைக்கும் படையினரின் ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற யூத, இத்தாலிய இளம்பெண்கள்.

தொழிலாளப் பெண்கள் மாலையில் ஒரே வழியாக வெளியேற வேண்டும், அங்கே காவலாளி அவர்களுடைய கைப்பைகளைச் சோதிக்க வேண்டும் என்பது முதலாளிகளின் ஏற்பாடு. அதற்காகவே மற்றக் கதவு பூட்டப்பட்டது. நீதிமன்றத்திலே குறுக்கு விசாரணையின்போது, களவு போன பொருளின் பெறுமதி எவ்வளவு என்று கேட்கப்பட்டது. இருபத்தைந்து டொலருக்கு மேற்படாது என்று முதலாளி ஒருவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரிலே யூரர்கள் இரு முதலாளிகளையும் சுற்றவாளிகள் என்று தீர்த்தனர். கதவு பூட்டியிருந்தது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அந்த நேரத்திலே அது பூட்டியிருந்ததை முதலாளிகள் அறிந்திருந்தனர் என்பது நிரூபிக்கப்படவேண்டும் என்று நீதிபதி கூறியிருந்தார், அதுவே நிரூபணமாகவில்லை. 1914ஆம் ஆண்டிலே, இறந்தவர் ஒருவருக்கு எழுபத்தைந்து டொலர் வீதம் நட்டஈடு கொடுத்து ஒரு பகுதி வழக்குகள் முடிக்கப்பட்டன.

இங்கே ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. சிக்காகோ அரங்கும் நியூயோர்க் கட்டடமும் இடிந்து விழவில்லை. அரங்கு செப்பனிடப்பட்டு வேறு பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. நியூயோர்க் கட்டடம் இன்றும் ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்புகளுக்கு இடமளித்து நிற்கின்றது. தீப்பிடியாத கட்டடம் என்று உரிமையாளர் சொன்னது கல்லையும் இரும்பையும் பொறுத்தவரையில் மெய்யே. கட்டடத்தைக் காப்பது ஒன்று, உள்ளிருப்போரைக் காப்பது வேறொன்று என்பதை அறிய அந்நாட்டார் கொடுத்த விலை மிகப் பெரிது.

நியூயோர்க் துன்பத்தின் பின் அம்மாநிலச் சட்டசபை ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. ரொபேட் வாக்னர் தலைவராகவும் அல்பிரட் சிமித் உபதலைவராகவும் இருந்தனர். தெருவில் நின்று அந்தத் தீயைக் கண்ணாரக் கண்டவரான பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் என்னும் பெண்மணி அக்குழுவுக்குப் பணிபுரிந்தார். 1933ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் தொழில் அமைச்சராகப் பதவியேற்றவர் இவரே. அவர் அங்கத்தவர்களைத் தொழிற்சாலைகளுக்கு நேரில் அழைத்துச் சென்றார். ஓரிடத்திலே 'தீயிலிருந்து தப்பும் வழி' என்று எழுதப்பட்டிருந்த சிறு துவாரம் ஒன்றினூடாக வாக்னரைத் தவழ்ந்து போகச் செய்தார். துவாரத்துக்கு அப்பால் இருந்தது பனிக்கட்டி மூடிய ஏணி. அதுவும் நிலத்தை எட்டாமல் இடையிலே நின்றது. பரிசோதனை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எந்தச் சட்டப்புத்தகத்திலும் இராது. அடுத்து வந்த ஆண்டுகளிலே தீப்பயிற்சி, வெப்பம் மிகுந்தவுடன் தாமாகவே நீர் சொரியும் கூரைக்குழாய்கள், பூட்டப்படாத கதவு ஆகியவற்றைத் தொழிற்சாலைகளிற் கட்டாயமாக்கும் சட்டங்கள் நிறைவேறின. என்றாலும் 1913இல் அதே முதலாளிகளுள் ஒருவர் தம் வேறொரு தொழிற்சாலையிலே கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார். தண்டம் இருபது டொலர்.

இனிப் பொஸ்டனுக்குத் திரும்புவோம். தொழிற்சாலைக்கு ஒரு சட்டமும் நாடக அரங்குக்கு ஒரு சட்டமும் வந்துவிட்டன. களியாட்ட மண்டபமோ உணவுச்சாலை என்ற வகையிற் சேர்க்கப்பட்டிருந்தமையால் அக்கட்டுப்பாடுகளிற் பல அதனைத் தீண்டவில்லை. பிரதான வாயிலில் இருந்தது ஒரு சுழற்கதவு. பலர் ஒருங்கே முட்டியபோது அது இறுகி நின்றுவிட்டது. புதிதாகத் திறந்த மற்றொரு பகுதியின் கதவு உட்புறமாகத் திறப்பது. முன்னே நின்றவர்களைப் பின்னே வந்தவர்கள் நெருக்க, அதனை இழுத்துத் திறக்க எவராலும் இயலவில்லை. நிலக்கீழ் அறையிலிருந்து ஏறிவரும் படிக்கட்டின் உச்சியிலே வேறொரு கதவு இருந்தது. வெளிப்புறமாகத் திறப்பது, பிரின்ஸ்லர் கண்ட மாதிரியான தள்ளுசட்டம் பொருத்தியது. சிக்காகோவின் துன்பத்திற் பிறந்த கருவி பொஸ்டன் கதவிலே முறைப்படி இருந்தது. ஆனால் அச்சட்டத்தை வீணாக்கும் வண்ணம் அக்கதவிலே தனிப்பூட்டு ஒன்றையும் போட்டிருந்தனர். உண்டு குடித்தவர்கள் பணம் கொடாமற் பின்வழியே நழுவிவிடுவர் என்ற அச்சம் அத்தகைய மண்டபக்காரரிடையே இருந்தது. சிக்காகோவிலே சீட்டின் விலை, நியூயோர்க்கிலே துணித்துண்டின் விலை, இங்கே உணவின் விலை. ஒவ்வொரு பூட்டின் பின்னாலும் ஒரு சிறு கணக்கு இருந்தது.

தீயைத் தொடக்கியது எது என்பது அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்கப்படவில்லை. மின்குமிழ் ஒன்றைப் பொருத்துவதற்காகத் தீக்குச்சி கிழித்த பதினாறு வயதுப் பணியாளன் ஒருவனை மக்கள் தூற்றினர். அவன்மேற் குற்றமில்லை என்று விசாரணை முடிவு செய்தது. தீப்பொறி எங்கும் விழக்கூடியதே. அது விழுந்தபின் மக்கள் வெளியேற முடிந்ததா என்பதே கேள்வி. இவ்வேறுபாட்டை உணர்ந்தமை பொஸ்டன் விசாரணையாளரின் பெருமை எனலாம்.

வழக்குத் தொடரப்பட்டவர்களுள் அந்தப் பரிசோதகரும் ஒருவர். அவர் விடுவிக்கப்பட்டார். கட்டடப் பகுதி ஆணையாளரும் விடுவிக்கப்பட்டார். மண்டபத்தின் உரிமையாளரான பார்னெற் வெலான்ஸ்கி மாத்திரம் மனிதக் கொலைக் குற்றவாளி என 1943ஆம் ஆண்டிலே தீர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதற் பதினைந்து ஆண்டு வரையிலான கடூழியச் சிறை விதிக்கப்பட்டார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. நவம்பர் 16ஆம் திகதி முதல் அவர் நோயுற்று மருத்துவமனையிலே கிடந்தார். தீப்பற்றிய இரவு அவர் மண்டபத்தில் இருக்கவில்லை. அன்று எந்தக் கதவு பூட்டியிருந்தது என்பதை அவர் எவ்வாறு அறிவார்? நியூயோர்க் முதலாளிகளைக் காப்பாற்றிய அதே வாதம் இது. போதாக்குறைக்கு, எட்டு நாட்களுக்கு முன் தீயணைக்கும் படையே நன்று என்று எழுதியிருந்தது. பரிசோதகர் காணாத குறையை உரிமையாளர் கண்டிருக்கவேண்டும் என்று சொல்வது எங்ஙனம்?

வழக்கு மேன்முறையீட்டுக்குப் போயிற்று. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1944ஆம் ஆண்டிலே அளித்த தீர்ப்பு முப்பது ஆண்டுக்கு முந்திய நியூயோர்க் தீர்ப்பின் நிலையிலிருந்து வெகுதூரம் விலகிச் சென்றது. மண்டபத்தின் நடைமுறைகளை நெடுநாளாக வகுத்து நடத்தியவர் அவரே. அவர் மருத்துவமனைக்குச் சென்றபின் அந்நடைமுறை மாறியதற்கோ, மாறியிருக்கும் என்று அவர் நம்புவதற்கோ காரணம் எதுவும் இல்லை. ஆகவே அவர் அன்றிரவு எங்கிருந்தார் என்பது பொருட்டன்று. வியாபாரத்தின் பொருட்டு மக்களைத் தன் இடத்துக்கு அழைப்பவனுக்கு அவர்களைக் காக்கும் கடமை உண்டு. அக்கடமையைச் செய்யாது விடுதலே, ஆபத்தின் பெருமையை நோக்கும்போது, குற்றச் செயலுக்கு ஒப்பாகலாம். ஆபத்து இருக்கின்றது என்று தனக்குத் தோன்றவில்லை என்று ஒருவன் சொல்வதும் போதாது. நேர்மையான புத்தியுடைய ஒருவனுக்கு அது தோன்றியிருக்குமா என்பதே அளவுகோல். இவ்வாறு கூறித் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளிலே இன்றுவரை மாணவர்கள் கற்கும் வழக்குகளுள் இதுவும் ஒன்று.

உரிமையாளர் ஒருவர்மீதே பாரம் முழுவதையும் ஏற்றியது நீதியோ என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையத்துக்கு இடமில்லாமலில்லை. தீக்குச்சியாற் சோதித்த அதிகாரி அந்தப் படிக்கட்டின் உச்சிக்கு ஏறி அக்கதவை ஒருமுறை கையாலே தள்ளிப் பார்த்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். 1946ஆம் ஆண்டின் இறுதியிலே வெலான்ஸ்கிக்கு மன்னிப்பு அளித்து விடுதலை செய்தவர் மாநில ஆளுநர் மோரிஸ் டோபின். தீ நிகழ்ந்தபோது பொஸ்டன் நகர முதல்வராக இருந்தவரும் அவரே. விடுதலையாகிச் சில வாரங்களிலே, 1947இல், வெலான்ஸ்கி புற்றுநோயால் இறந்தார்.

அதன்பின் களியாட்ட மண்டபங்களும் மக்கள் கூடும் இடங்கள் என்ற வகைக்குள் அடக்கப்பட்டன. சுழற்கதவு இருக்குமாயின் அதன் அருகே வெளிப்புறமாகத் திறக்கும் சாதாரணக் கதவும் இருக்கவேண்டும் என்ற விதி பரவிற்று. வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கு, தீப்பற்றாத அலங்காரத் துணி முதலியனவும் அக்காலத்திலேதான் வலியுறுத்தப்பட்டன.

இத்துடன் காரியம் முற்றுப்பெற்றது என்று அந்நாட்டார் எண்ணியிருக்கக்கூடும். 1958ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி, மறுபடியும் சிக்காகோவிலே, தேவதைகளின் மாதா என்ற பெயருடைய கத்தோலிக்கப் பாடசாலை தீப்பற்றியது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் மாண்டனர். இங்கே பேராசை பிடித்த முதலாளி இல்லை. கணக்குப் பார்த்துப் பூட்டிய கதவும் இல்லை. சில வாரங்களுக்கு முன், ஒக்டோபரிலே, பரிசோதகர் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்துச் சென்றிருந்தார். அவர் பொய் எழுதவுமில்லை. நீர் சொரியும் கூரைக்குழாய்களையும் தீத்தடுப்புக் கதவுகளையும் கட்டாயமாக்கிய நகரச் சட்டம் 1949ஆம் ஆண்டுக்குப் பின் கட்டப்படும் பாடசாலைகளுக்கு மட்டுமே உரியது. இது அதற்கு முந்திய கட்டடம். சட்டத்தின்படி எல்லாம் சரியாகவே இருந்தது.

தீ படிக்கட்டின் அடியிலே குப்பை இருந்த இடத்தில் தொடங்கிற்று. கீழ்மாடியிலே படிக்கட்டுக்குக் கதவு இருந்தது. அது மூடியிருந்தமையால் அம்மாடியிலுள்ள வகுப்புகள் தப்பின. மேல்மாடியிலே அத்தகைய கதவு இல்லை. புகை மரப்படிக்கட்டின் வழியே புகைபோக்கியில் ஏறுவது போல் ஏறி, மேல்மாடி விறாந்தையை நிறைத்தது. புகையைக் கண்ட ஆசிரியை ஒருவர் அபாய மணியை அடிப்பதற்கு முன் அதிபரிடம் அனுமதி கேட்க ஓடினார். மணியடிப்பது அதிபரின் அதிகாரத்துக்கு உரியது என்பது அங்கு வழக்கம். அதிபர் தம் அறையில் இல்லை. அன்று வராத ஆசிரியை ஒருவருக்குப் பதிலாக வேறொரு வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை திரும்பி வந்து தம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய் விட்டபின்னரே மணி அடிக்கப்பட்டது. அம்மணி கட்டடத்துக்குள் மாத்திரம் ஒலிப்பது. தீயணைக்கும் நிலையத்துடன் அதற்குத் தொடர்பில்லை. தீயணைக்கும் கருவிகள் சுவரிலே ஏழடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. அவை பிள்ளைகளுக்கு எட்டாதவை. ஆசிரியைகளுட் பலருக்கும் எட்டாதவை. கருவி உண்டா என்று பார்த்தவருக்கு உண்டு என்றே எழுதத் தோன்றும்.

அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கா எங்கும் பழைய பாடசாலைகள் திறந்து பார்க்கப்பட்டன. மூடிய படிக்கட்டு, தீயணைக்கும் படையுடன் இணைந்த மணி, ஒழுங்கான தீப்பயிற்சி ஆகியவை பழைய கட்டடங்களுக்கும் உரியன என்ற கொள்கை இடம்பெறலாயிற்று. எரிந்த பாடசாலை இருந்த இடத்திலே 1960ஆம் ஆண்டு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதன் வகுப்பறைகளிலும் விறாந்தைகளிலும், பழைய கட்டடத்துக்குத் தேவையில்லை என்று சட்டம் விலக்கியிருந்த நீர்சொரியும் குழாய்கள் கூரையெங்கும் பொருத்தப்பட்டிருந்தன.